அறிந்தவன் வாங்கும்போது

ஒரு பொருளின் மதிப்பை அறியாத ஒருவர் அதனை விற்கிறார். அதனை நன்கறிந்த மற்றொருவர், விற்பவர் சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறார். எடையில் மோசம் இல்லை. கள்ளப் பணம் இல்லை. பொய் என்று சுட்டிக்காட்டத்தக்க ஒரு சொல்லும் இல்லை. இந்த வியாபாரம் ஆகுமானதா? ஆகுமானதுதான் என்றால், வாங்கியவரின் நெஞ்சு ஏன் உறுத்துகிறது?

இக்கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர் ஓசூர் சிப்காட் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் நெடுங்காலமாகப் பணிபுரிந்து வரும் நண்பர். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பொறுக்காத கண் அவருடையது. பீடி, சினிமா, அரட்டை என்று எதுவும் கிடையாது. ஒரே ஓர் ஆசை உண்டு: பழைய பொம்மை ரயில்கள். இன்று கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் வண்டிகளைச் சொல்லவில்லை. அறுபது, எண்பது, நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் தகரத்தில் செய்து, வண்ணம் அச்சிட்டு, சாவியை முடுக்கினால் ஓடும்படி அமைத்தார்களே, அவற்றைச் சொல்கிறேன்.

இந்த ஆசை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. அவர் பிறந்தது கிருஷ்ணகிரியில். அவ்வூரில் ரயில் நிலையம் கிடையாது. 2004-இல் மாவட்டத் தலைநகரமான பிறகும் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு, இரண்டரை அடி அகலமே உடைய குறுகிய பாதையில் 1905-இல் ரயில் ஓடத் தொடங்கியது. அதே அகலத்தில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஒரு பாதை வந்தது. அது 1913-இல் ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுசெல்ல வழி வேண்டும் என்பதை மனத்திற்கொண்டு போடப்பட்ட பாதைகள் இவை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் இரண்டும் மூடப்பட்டன. பின்னாளில் சேலம் - பெங்களூரு பாதை வழியாக ஓசூருக்கு ரயில் திரும்பி வந்தது, கிருஷ்ணகிரிக்கு வரவேயில்லை. அந்தச் சிறிய ரயிலில் ஏறிப் போன கதையை நண்பரின் நன்னா, பேரப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு ஓயாமல் சொல்வாராம். ஊரில் இல்லாத ரயிலைப் பேரன் பொம்மைகளில் தேடத் தொடங்கினான் என்று நான் கேலி செய்வதுண்டு.

இது வீண் செலவல்லவா, விளையாட்டுப் பொருளைச் சேர்ப்பது நமக்குத் தகுமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் இறக்கை வைத்த குதிரைப் பொம்மை ஒன்று இருந்ததையும், அதைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்ததையும் ஹதீது நூல்கள் சொல்கின்றன. பெண்டு பிள்ளைகளின் வயிற்றைக் காயப்போட்டு வாங்காதவரை, இதில் நான் குற்றம் காணவில்லை. நம் கேள்வி வேறு.

நண்பர் தேடிப் போகும் இடம், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் பேருந்தில் எட்டிவிடும் பெங்களூரில் உள்ளது. சிக்பேட்டையை ஒட்டிய தெருக்களில் ஞாயிறுதோறும் கூடும் பழம்பொருள் சந்தை அது. பொழுது புலருமுன்பே கோணிகள் விரிந்துவிடும். காலொடிந்த நாற்காலி, ஓடாத கடிகாரம், யாரோ ஒருவருடைய திருமணப் புகைப்படம், குழாய்த் திருகி, பித்தளைக் குவளை, மூடியில்லாத பேனா என்று மனிதவாழ்வின் மிச்சங்கள் எல்லாம் அங்கு வந்து சேரும். சென்னையில் மூர் மார்க்கெட் இப்படித்தான் இருந்தது. 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் அது எரிந்து போயிற்று. அந்த இடத்தில் பின்னர் எழுந்தது ஒரு ரயில் நிலையக் கட்டடம் என்பதை நண்பர் ஒருவிதப் பெருமூச்சோடு குறிப்பிடுவார். ரயில் வந்ததற்காக அவர் வருந்திய ஒரே இடம் அதுதான்.

பெங்களூர்ச் சந்தைக்குப் பொம்மை ரயில் எங்கிருந்து வரும்? வரத்தான் செய்கிறது. பெங்களூர்க் கன்டோன்மென்டில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் வாழ்ந்தன. கோலார் தங்கவயலில் சுரங்கங்களை நடத்திய ஆங்கிலப் பொறியாளர்கள் தம் பிள்ளைகளோடு இருந்தார்கள். ஜோலார்பேட்டையில் ரயில்வே ஊழியர்களான ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் கப்பலேறியபோது எல்லாவற்றையும் கொண்டுபோகவில்லை. பரணில் கிடந்தது பேரப்பிள்ளைகள் காலத்தில் இறங்கி, எடைக்குப் போய், கோணிக்கு வருகிறது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஜ்ரு தொழுத கையோடு போன நண்பர், ஒரு பெரியவரின் கோணியில், பித்தளைக் குவளைகளுக்கு நடுவே ஓர் எஞ்சினைக் கண்டார். துரு ஏறியிருந்தது, பச்சை வண்ணம் பாதி உதிர்ந்திருந்தது. ஆயினும் அடியில் எழுத்து தெரிந்தது. லிவர்பூலில் ஃப்ராங்க் ஹார்ன்பி என்பவர் 1901-இல் துளையிட்ட இரும்புப் பட்டைகளால் ஆன மெக்கானோ விளையாட்டுச் சாமான்களுக்குக் காப்புரிமை பெற்று, பெரிய நிறுவனமாக வளர்ந்து, 1920-இல் சாவி முடுக்கும் ரயில்களைச் செய்யத் தொடங்கினார். அந்தத் தொடக்க காலத்து எஞ்சின்களில் ஒன்று அது. நண்பருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதாம். சேகரிப்போர் அதற்குப் பல ஆயிரம் கொடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் என்ன செய்தார்? எஞ்சினைத் தொடவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு பழைய பூட்டை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கு விலை கேட்டு, பேரம் பேசி, ஐம்பது ரூபாய்க்கு முடித்தார். எழுந்திருக்கப் போகிறவர்போல் முழங்காலில் கைவைத்துக்கொண்டு, “இந்தத் தகர டப்பாவுக்கு என்ன பெரியவரே?” என்றார்.

பெரியவர் இடுப்பிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து எஞ்சினின் மேல் வைத்தார். ஒட்டிக்கொண்டது. பித்தளையாயிருந்தால் ஒட்டாது. “இரும்புதான் பாய். முந்நூறு குடுங்க” என்றார்.

“சாவி இல்லையே?”

“சரி, எறநூறு குடுங்க.”

இவ்வளவுதான் நடந்தது. சொன்னவை எல்லாம் உண்மை. அது தகரம், சாவியும் இல்லை. வீடு வந்த பின் எஞ்சினைத் துடைத்து, எண்ணெயிட்டு, கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார். பூட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது திறக்காத பூட்டு. அவருக்கு வேண்டாத பூட்டு. அவர் என்னிடம் சொன்ன சொல் இது: “ரயில் என்னை உறுத்தவில்லை; பூட்டுதான் உறுத்துகிறது.”

இச்செய்தியை நான் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். நால்வரும் நண்பரின் பக்கமே நின்றார்கள். அவர்கள் கூறிய நியாயங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல.

அறிவுக்கு விலையில்லையா என்றார் ஒருவர். இருபது ஆண்டுக் காலம் நூல்களைத் தேடிப் படித்து, சக்கரத்தின் ஆரங்களை எண்ணி, வண்ணத்தின் சாயலைக் கொண்டு ஆண்டைக் கணிக்கக் கற்றவர் அவர். மருத்துவர் தம் அறிவுக்குக் கூலி வாங்குகிறார், வழக்கறிஞர் வாங்குகிறார், இவர் தம் அறிவின் கூலியை வாங்கும் விலையில் பெற்றுக்கொண்டார் என்றால் அது எப்படி மோசடியாகும்? தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டுமென்றால், நாளை யார் கற்பார்?

பெரியவருக்கு நட்டம் ஏது என்றார் மற்றொருவர். அது உருக்குக் கொட்டகைக்குப் போயிருந்தால் கிலோவுக்குச் சில ரூபாய்தான் கிடைத்திருக்கும். இவர் இருநூறு கொடுத்தார். ஓர் அரிய பொருள் உலையில் விழாமல் காப்பாற்றவும் செய்தார். மூன்றாமவர் கொஞ்சம் தத்துவக்காரர். அப்பொருளுக்குத் தன்னில் மதிப்பு ஏது, உம் நண்பரைப் போன்ற ஆயிரம் பேருடைய ஆசைதான் அதன் மதிப்பு, பெரியவரிடம் இருந்தவரை அது இரும்புதான் என்றார். நான்காமவர் மௌலவி. ஃபிக்ஹு நூல்களைப் பார்க்கச் சொன்னார்.

பார்த்தோம். ஏமாற்று ஏதும் இல்லாதபோது, விலை கூடிப்போயிற்று, குறைந்துபோயிற்று என்பதற்காக மட்டும் வியாபாரத்தை முறிக்கும் உரிமை இல்லை என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. கண்ணாடியை மாணிக்கம் என்று தானாக எண்ணிக்கொண்டு வாங்கியவனுக்கு மீட்சி இல்லை என்பது அந்நூல்களில் வரும் உதாரணம். ஹனஃபி அறிஞர்களும், மிதமிஞ்சிய விலை வேற்றுமையோடு ஏமாற்றும் சேர்ந்திருந்தால்தான் முறிக்கலாம் என்பர். ஹன்பலி மத்ஹபில், விலை அறியாமல் மற்றவரை நம்பி விடுகிறவருக்கு ஓரளவு இடம் உண்டு. எந்த அளவைத் தாண்டினால் என்பதில், மூன்றில் ஒரு பங்கு என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. ஆக, நண்பரின் வாணிபம் செல்லும். எந்த காஜியும் அதை ரத்துச் செய்யப்போவதில்லை.

இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் பூட்டு இருக்கிறதே!

சட்டம் ஒரு வேலி. வேலிக்கு உட்பட்ட நிலம் முழுவதும் விளைநிலம் ஆகிவிடுவதில்லை. நம் முன்னோர்கள் வேலிக்குள் எப்படி நடந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டுமன்றோ? ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) என்ற ஸஹாபி, எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வாக்குக் கொடுத்தவர். அவருக்காக ஒரு குதிரை முந்நூறு திர்ஹத்துக்குப் பேசி முடிக்கப்பட்டது. குதிரையைக் கண்டதும் அவர் விற்பவனிடம் போய், உன் குதிரை முந்நூறைவிட மேலானது, நானூறுக்குத் தருகிறாயா என்றார். பிறகு ஐந்நூறு என்றார். இப்படியே தாமாக ஏற்றிக்கொண்டு போய் எண்ணூறு திர்ஹம் கொடுத்து வாங்கினார். விற்பவன் கேட்டதில் குறைக்கப் பேசும் பேரத்தை நாம் அறிவோம். வாங்குபவரே ஏற்றிப் பேசிய பேரம் இது. ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டவர்களுக்கு, தாம் கொடுத்த வாக்கைத்தான் அவர் காரணமாகக் காட்டினார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா’வில் எடுத்துச் சொல்லும் ஸிர்ரீ ஸகதீ (ரஹ்) அவர்களின் நிகழ்ச்சி இதைவிட வியப்பானது. பாக்தாதில் அவர் அறுபது தீனாருக்கு வாதுமைப் பருப்பு வாங்கி, மூன்று தீனார் லாபம் போதும் என்று குறித்துவைத்திருந்தார். விலை ஏறிற்று. தரகர் ஒருவர் வந்து விலை கேட்டபோது, அறுபத்து மூன்று என்றார் ஸிர்ரீ. சந்தையில் இப்போது தொண்ணூறு ஆகிவிட்டதே என்றார் தரகர். அறுபத்து மூன்றுக்கு மேல் விற்பதில்லை என்று இறைவனிடம் உறுதி செய்திருக்கிறேன் என்றார் இவர். எந்த முஸ்லிமையும் ஏமாற்றுவதில்லை என்று நானும் உறுதி செய்திருக்கிறேன், தொண்ணூறுக்குக் குறைந்து வாங்கமாட்டேன் என்றார் அவர். கடைசியில் அவர் வாங்கவும் இல்லை. இவர் விற்கவும் இல்லை. இதைப் படிக்குந்தோறும் எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும். வாதுமைப் பருப்பு என்ன ஆயிற்றோ!

இவை முஸ்லிமுக்கு முஸ்லிம் செய்த நன்மைகள். கோணிக்காரப் பெரியவரோ நம்மவர் அல்லர் என்று ஒருவர் வாதிடக்கூடும். அவர் மத்யன் நகரத்து மக்களுக்கு ஷுஐப் (அலை) அவர்கள் கூறிய அறிவுரையைத் திருமறையில் மீண்டும் ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும். அளவையும் நிறுவையையும் நிறைவாகக் கொடுங்கள் என்பதோடு அது நிற்கவில்லை. மனிதர்களின் பொருள்களை அவர்களுக்குக் குறைத்துவிடாதீர்கள் என்ற கருத்தும் உடன் வருகிறது. அங்கே சொல்லப்படுவது ‘மனிதர்கள்’. நம்பிக்கையாளர்கள் மட்டும் அல்லர். ‘குறைத்தல்’ என்பதற்கு அங்குள்ள மூலச்சொல் ‘பக்ஸ்’. யூஸுப் (அலை) அவர்களைச் சில வெள்ளிக்காசுகளுக்கு விற்றார்களே, அந்த அற்ப விலைக்கும் இதே சொல்தான் ஆளப்பட்டுள்ளது. தங்கள் கையில் இருப்பவர் யார் என்பதை அறியாமல் விற்றார்கள். இவ்விரண்டு இடங்களையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும்போது, ஒருவர் பொருளை அவர் கண்ணெதிரிலேயே ‘தகர டப்பா’ என்று பெயரிட்டுத் தாழ்த்துவது எந்தக் கணக்கில் சேரும் என்ற அச்சம் எனக்கு எழுகிறது.

இன்னொன்றும் உண்டு. சரக்கு ஏற்றிவரும் வெளியூர்க் கூட்டத்தாரை, அவர்கள் சந்தையை எட்டுமுன்பே வழியில் எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கப்பட்டுவிட்டால், சரக்குக்காரர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தபின் வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம். தடைக்குக் காரணம் என்ன? வழியில் வாங்குகிறவன் பொய் சொல்ல வேண்டியதில்லை. அவன் ஊர் விலையை அறிந்தவன், வருகிறவர் அறியாதவர். அறிந்துகொள்ள அவருக்கு வாய்ப்புக் கிடைப்பதற்கு முன்பே அவன் முந்திக்கொள்கிறான். அவ்வளவே! பெங்களூர்ப் பெரியவரைச் சந்தையின் நடுவில் உட்கார்ந்திருப்பவர் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர் சந்தைக்கு வந்து சேரவே இல்லை. அந்த எஞ்சினுக்குரிய சந்தை கடல் கடந்து இருக்கிறது.

அது எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் யார்க் நகரில், ஆண்டுதோறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும், பழைய பொம்மை ரயில்களை வாங்கவும் விற்கவும் மாற்றிக்கொள்ளவும் ஒரு பெருங்கூட்டம் கூடுகிறது. 1954-இல் தோன்றிய ரயில் சேகரிப்போர் சங்கத்தின் கிழக்குப் பிரிவு அதை நடத்துகிறது. கண்காட்சி மைதானத்துக் கூடங்களில் வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ரயில்கள். லயனல், மார்க்ளின், ஹார்ன்பி என்று பெயர் சொன்னால் போதும், எந்த ஆண்டு, எந்த வண்ணம், பெட்டி உண்டா இல்லையா என்று பேச்சுத் தொடங்கிவிடும். பொம்மை வந்த அட்டைப்பெட்டிக்கே தனி விலை கொடுக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அச்சங்கத்தார் செய்த நல்ல காரியம், பொருளின் நிலையைக் கூறுவதற்கு ஒரு பொது மொழியை உண்டாக்கியது. ‘புதியது’ என்றால் இன்னது, ‘மிக நன்று’ என்றால் இன்னது, ‘நன்று’ என்றால் இன்னது என்று படிகள் வகுத்துவைத்தார்கள். மறு வண்ணம் பூசியதைப் பழைய வண்ணம் என்று விற்பதும், போலி உறுப்பை அசல் என்று விற்பதும் அங்கே இழிவு. இருவர்க்கும் ஒரே அறிவு, ஒரே மொழி. அங்கே ஒருவர் மற்றவரைப் பேரத்தில் வென்றால் அது மல்யுத்தத்தில் வென்றதைப் போல, வருந்த ஒன்றுமில்லை. ஆனால் அதே சேகரிப்போர் உலகெங்கும் சொல்லி மகிழும் கதைகள் எவை தெரியுமா? கணவனை இழந்த மூதாட்டியின் பரணிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தேன், என்ன கொடுத்தேன் தெரியுமா என்பவைதாம். தமக்குள் ஒரு நேர்மை, வெளியாருக்கு வேறொரு நேர்மை. வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரைக் கண்டித்து ஒரு அத்தியாயமே இறங்கியிருக்கிறது. இரண்டு மரக்கால் வைத்திருப்பதுதான் அங்கே கண்டிக்கப்பட்ட குற்றம்.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. ரோமாபுரியின் சிசரோ, கிறிஸ்து பிறப்பதற்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நிலம் ஒன்றை வாங்கப்போன ஸ்கீவோலா என்ற சட்ட அறிஞர், விற்பவர் சொன்ன விலை குறைவு என்று கூறி, ஒரு லட்சம் ஸெஸ்டெர்ஸ் காசு கூட்டிக் கொடுத்தாராம். இது நல்ல மனிதரின் செயல் என்பதை யாரும் மறுக்கவில்லை. புத்திசாலியின் செயல்தானா என்று சிலர் கேட்டார்களாம். ஜரீர் (ரலி) அவர்களுக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது.

அமெரிக்க உச்சநீதிமன்றத்திலும் இது வழக்காக வந்தது. 1815-இல் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில், இங்கிலாந்தோடு சமாதானம் ஆகிவிட்ட செய்தியை முன்கூட்டியே அறிந்த ஆர்கன் என்ற வணிகர், விடியற்காலையில் போய்ப் புகையிலை வாங்கினார். விலையைப் பாதிக்கும் செய்தி ஏதும் உண்டா என்று விற்பவர் தரப்பில் கேட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை. செய்தி பரவியதும் விலை முப்பது முதல் ஐம்பது சதவீதம் வரை உயர்ந்தது. 1817-இல் தலைமை நீதிபதி மார்ஷல், அறிந்ததைச் சொல்லும் கடமை வாங்குபவருக்கு இல்லை என்று தீர்ப்புக் கூறினார். ஆனால் உடனே ஒரு நிபந்தனையும் சேர்த்தார்: எதிரியை மயக்கும்படி எதையும் சொல்லவும் கூடாது, செய்யவும் கூடாது. வழக்கு மறு விசாரணைக்குப் போயிற்று.

‘செய்யவும் கூடாது’ என்ற இந்த இடத்தில்தான் நண்பரின் பூட்டு வந்து விழுகிறது. என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், மாறுபடுவோர் மாறுபடலாம். பேசாதிருத்தல் வேறு, நடித்தல் வேறு. நண்பர் நேரே எஞ்சினை எடுத்து, கண் மலர, இதற்கு என்ன விலை என்று கேட்டிருந்தால், அந்தக் கண்களே பெரியவருக்கு வேண்டியதைச் சொல்லியிருக்கும். அவர் ஆயிரம் கேட்டிருப்பார். அந்த ஆயிரத்தில் நண்பரின் அறிவுக்கு உரிய கூலி ஒழுங்காகக் கிடைத்திருக்கும். பூட்டைப் பிடித்துக்கொண்டு நடித்தாரே, அது அறிவின் கூலியன்று. முகத்தை மறைத்ததன் கூலி. பேசிய சொற்கள் ஒவ்வொன்றும் உண்மையாயிருந்தும் மொத்தத்தில் ஒரு பொய் நிற்க முடியும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஒரு பொம்மைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்காதீர்கள். பழைய இரும்புக் கடையைத் தமிழ்நாட்டில் காயலான் கடை என்கிறோம். காயல்பட்டினத்தார் அத்தொழிலில் இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியிலும் பழைய சாமான் தொழிலில் நம்மவர் பலர் இருக்கின்றனர். மூதாட்டியர் பெட்டியைத் திறந்து எடுத்துப்போடும் வெண்கலத்தை நம்மவர்தாம் நிறுக்கிறார்கள். அரபுத்தமிழ்க் கையெழுத்துச் சுவடிகள் காகித எடைக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

நிலத்தின் கதையோ இன்னும் பெரிது. 1970-களில் சிப்காட் வந்தது தொட்டு இந்த எல்லைப்புறத்தில் நிலத்தின் விலை மனிதர்களின் அறிவைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சாலை எங்கே வரும், ஆலை எங்கே வரும் என்பதை முன்னறிந்தவன் காரில் வந்து இறங்குகிறான். கேழ்வரகு விதைத்துக்கொண்டிருக்கிறவரிடம், “இந்தக் கல்லுக் காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் ஐயா?” என்கிறான். அதுவும் உண்மைதான், காட்டில் கல் இருக்கிறது. கேழ்வரகுக்காரர் கல்லைத்தான் பார்க்கிறார். வந்தவனோ சாலையைப் பார்க்கிறான். அந்தப் பணத்தில் பெண்ணுக்குத் திருமணம் செய்து முடித்த ஓராண்டில், தம் நிலத்தின் பேரில் எழுந்த சுற்றுச்சுவருக்கே அவர் காவலாளியாகப் போய் நிற்பதுண்டு. தகர டப்பா என்பதும் கல்லுக் காடு என்பதும் ஒரே அகராதிச் சொற்கள். நம் வீட்டிலும் அத்தகைய பத்திரங்கள் இருக்கக்கூடும். நான் யாரையும் சுட்டவில்லை.

எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதற்கு நான் அளவுகோல் தரமுடியாது. சேகரிப்போர் பட்டியல் விலையை ஒப்பித்துவிட்டு வாங்கு என்று சொல்லமாட்டேன். “இது இரும்பு எடைக்குப் போகவேண்டிய பொருள் அல்ல பெரியவரே, விளையாட்டுச் சாமான் சேர்ப்பவர்கள் நல்ல விலை தருவார்கள், என்னால் இவ்வளவு முடியும்” என்று சொல்லியிருந்தால் போதும் என்று எண்ணுகிறேன். ஒரு வாக்கியம்தான். அந்த ஒரு வாக்கியத்தில் எஞ்சின் கைநழுவிப் போயிருக்கலாம். போயிருந்தால் போகட்டும் என்று எழுதுவது எனக்கு எளிது. எனக்குப் பொம்மை ரயிலில் ஆசை கிடையாது.

நண்பர் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் போனார், பெரியவரைக் காணவில்லை. மூன்றாவது ஞாயிறு அதே இடத்தில், அதே கோணியோடு இருந்தார். நண்பர் அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பூட்டின் கதையையும் சொன்னார். சொல்லிவிட்டு ஓர் உறையில் பணத்தை வைத்து நீட்டினார்.

பெரியவர் உறையைப் பிரிக்கவில்லை. நெடுநேரம் காந்தத்தை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தாராம். பிறகு, அந்த எஞ்சின் தமக்கு எப்படி வந்தது என்று சொன்னார். ஜோலார்பேட்டையில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஓர் அம்மா, பாத்திரங்களையும் மற்றச் சாமான்களையும் ஒன்றாகக் கட்டி இரும்பு விலைக்கே எடைபோட்டுக் கொடுத்துவிட்டார். அதில் நாலு குவளை பித்தளை என்பதை இவர் பார்த்தார், வாய் திறக்கவில்லை. காந்தத்தை அன்று இடுப்பிலிருந்து எடுக்கவேயில்லை.

“அப்படின்னா நான் அந்தம்மாவுக்குக் குடுக்கணுமா பாய்?” என்று கேட்டார்.

நண்பருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பணத்தில் பாதியைப் பெரியவர் எடுத்துக்கொண்டார். மீதியை இவரிடமே திருப்பிக் கொடுத்து, அந்த வீடு இருந்த தெருவுக்கு அடையாளம் சொன்னார். சென்ற வாரம் நண்பர் ஜோலார்பேட்டைக்குப் போய்வந்தார். அந்த அம்மா பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். மகனின் முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.